வடசென்னையிலிருந்து கடலாமை காணச் செல்வோருக்கு: சில இடங்களும் ஏற்பாடுகளும் பற்றிய மதிப்பீடு

கடலாமையை அது முட்டையிட வரும் கரையிலேயே காண வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து இன்று பல வழிகள் உள்ளன. பெசன்ட் நகர் கரையோர இரவு நடை தொடங்கி, ஒடிசாவின் ருசிகுல்யா, மகாராஷ்டிரத்தின் வேலாஸ், இலங்கையின் ரெக்காவ, லட்சத்தீவு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இவற்றை நான் ஒரே அளவுகோலால் எடைபோடுகிறேன். கரையேறும் ஆமை, மனிதர் யாரும் வராத இரவில் எப்படி நடந்துகொண்டிருக்குமோ அப்படியே நம் முன்னிலையிலும் நடந்துகொள்ள அந்த ஏற்பாடு இடம் தருகிறதா என்பதே அந்த அளவுகோல். தங்கும் அறை, உணவு, கட்டணம் ஆகியவற்றையும் இங்கே குறிப்பிடுவேன். ஆயினும் இந்த ஒன்றில் தவறும் ஏற்பாட்டை வேறு எந்த வசதிக்காகவும் என்னால் பரிந்துரைக்க இயலாது.

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வசிக்கிற ஒருவர், கடல் வாசலிலேயே இருக்கும்போது ஆமை பார்க்க ஏன் நீலாங்கரை வரை போக வேண்டும் என்று கேட்பது இயல்பு. காரணம் மணலில் இருக்கிறது. நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்ட நாள் முதல் அந்த மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கியது. மெரினாவின் அகன்ற மணல்வெளி அவ்வாறு உருவானதுதான். வடக்கே வந்து சேர வேண்டிய மணல் வராததால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்டன, தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. கற்சுவரில் ஏற முடியாத ஆமைக்கு, அலைக்கு எட்டாத உலர்ந்த மணலும் இல்லாத கரையில் வேலை இல்லை. ஆனால் கரைக்கு அப்பால் உள்ள கடலில் அவை இன்றும் இருக்கின்றன. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் மீனவர்களிடம் தை, மாசி மாதங்களில் கேட்டால், மூச்சு வாங்க மேலே வந்து தலை நீட்டும் பங்குனி ஆமைகளை எங்கே பார்த்தோம் என்று இடம் சுட்டிச் சொல்வார்கள்.

இப்பங்குனி ஆமைதான் ஆலிவ் ரிட்லி என்ற பெயரில் நாளிதழ்களில் வருவது. ஓடு ஏறத்தாழ 60 முதல் 70 செ.மீ. நீளம் இருக்கும். சென்னைக் கரையில் முட்டையிடுபவை அநேகமாக எல்லாம் இவையே. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இடம்பெற்றுள்ள உயிரினம் என்பதால், தொடுவதும் துரத்துவதும் முட்டையை எடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். சுற்றுலா என்ற பெயரில் பணம் வாங்குவோர் பலர் இதைத் தங்கள் விளம்பரத்தில் சொல்வதே இல்லை.

முதலில் நம் ஊர் இரவு நடை. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இதை நடத்தி வருகிறது. இதன் வேர் இன்னும் பழையது. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களும் இதே கரையில் இரவுகளில் நடந்து, முட்டைகளைத் திருட்டிலிருந்தும் நாய்களிடமிருந்தும் காப்பாற்றி, பொரிப்பிடம் அமைத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். இந்தியாவில் கடலாமைப் பாதுகாப்பு தொடங்கிய கரைகளுள் ஒன்று நம் கரை என்பதை ஒவ்வொரு சென்னைவாசியும் பெருமையோடு நினைவில் வைத்திருக்கலாம். இப்போது வலையமைப்பின் தன்னார்வலர்கள் பருவம் முழுவதும் இரவுதோறும் நடக்கிறார்கள். பொதுமக்களை வார இறுதி இரவுகளில், பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரை, உடன் அழைத்துச் செல்கிறார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, விரும்பியவர் நன்கொடை தரலாம். அனுமதிக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் பதிவு முறையும் வனத்துறையின் நெறிகளுக்கேற்ப ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், புறப்படும் முன் அவர்களுடைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

நடை நீலாங்கரையில் தொடங்கி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகரில் முடிகிறது. தூரம் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியலுக்குச் சற்று முன் முடியும். புறப்படும் முன் ஆமையின் வாழ்க்கையைப் பற்றியும், நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறார்கள். இந்த உரையைத் தவறவிடாதீர்கள், நடையின் பாதிப் பயன் அதில்தான் கிடைக்கிறது. டார்ச்சு விளக்கும் கைப்பேசி வெளிச்சமும் கூடாது. அடர்ந்த நிற உடை நல்லது. ஈர மணலில் நடக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதே எளிது. முன்னால் செல்லும் தன்னார்வலர்களைத் தாண்டி யாரும் போகக் கூடாது. ஆமை கரையேறிய தடம் அவர்கள் கண்ணில்தான் முதலில் பட வேண்டும். மிதித்துக் கலைத்துவிட்டால் கூடு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

அந்தத் தடம் மணலில் டிராக்டர் சக்கரம் உருண்டு போனதைப் போலக் கிடக்கும். போன தடமும் திரும்பிய தடமும் இரண்டும் இருந்தால் தாய் கடலுக்குத் திரும்பிவிட்டது என்று பொருள். ஒரு தடம் மட்டும் இருந்தால் அது இன்னும் மேலே எங்கோ இருக்கிறது. அப்போது எல்லோரையும் தொலைவிலேயே உட்காரவைத்து விடுகிறார்கள். இடம் தேடும்போதும் குழி பறிக்கும்போதும் ஆமை மிகவும் எச்சரிக்கையாக இருக்கும், சிறு அசைவோ ஒளியோ போதும், முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டைகள் விழத் தொடங்கிய பிறகுதான் அது சுற்றுப்புறத்தைப் பொருட்படுத்தாத நிலைக்கு வருகிறது. அதன்பிறகே, அதுவும் பின்புறமாக, சிலர் சிலராக அருகே போக விடுகிறார்கள். பின்துடுப்புகளை மாறி மாறி இறக்கி, முழங்கை ஆழத்துக்குக் குடம் போன்ற குழியை ஒரு கைப்பிடி மணல்கூடச் சரியாமல் அது பறித்திருப்பதையும், ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிய பின் உடலை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைத் தட்டி இறுக்குவதையும் பார்த்தவர்கள், அந்த ஒழுங்கைச் செய்வது தன் கூட்டை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத ஓர் உயிர் என்பதை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது. கண்களில் வழியும் நீர், உடலிலுள்ள அதிக உப்பைச் சுரப்பிகள் வெளியேற்றுவதால் வருவது. ஆமை அழுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டாம்.

தாய் போன பிறகு நடக்கும் வேலை அதைவிடக் கவனம் வேண்டுவது. முட்டைக்குழி இருக்கும் இடத்தில் மணல் இளகியிருக்கும் என்பதால், மெல்லிய கோலால் தொட்டுத் தொட்டு அதைக் கண்டுபிடித்துக் கையால் தோண்டி, முட்டைகளை எண்ணி, பைகளில் வைத்துப் பெசன்ட் நகரிலுள்ள பொரிப்பிடத்துக்குக் கொண்டு போகிறார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் இது முடிந்தாக வேண்டும். கரு முட்டையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் அது இறந்துவிடும். முட்டைகளைக் கரையிலேயே விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நாய்களும் மனிதக் காலடிகளும், குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த் திசையில் இழுக்கும் தெருவிளக்குகளும் நிறைந்த இந்நகரக் கரையில், பொரிப்பிடம் என்பது வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. அதைத் தன்னார்வலர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள் என்பதால் அவர்கள் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

இந்த நடையில் ஆமை தென்படாத இரவுகள் உண்டு. கூடு மட்டும் கிடைக்கும் இரவுகளும், ஒன்றுமே இல்லாமல் ஏழு கிலோமீட்டரும் நடந்து முடிக்கும் இரவுகளும் உண்டு. அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். அதைவிட முக்கியமாக, இறந்த ஆமைகளைப் பார்க்கவும் தயாராக இருக்க வேண்டும். 2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் அவை ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். விசைப்படகின் இழுவலைக்குள் சிக்கி மணிக்கணக்கில் மேலே வர முடியாமல் போனால் மூழ்கி இறக்கிறது. கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது தமிழ்நாட்டின் விதி. வலையில் ஆமை தப்பிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்பதும் விதிதான். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை வரும் 61 நாள் தடைக்காலமோ, ஆமைகள் பெருமளவில் கரையோரம் கூடும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் கழிந்த பிறகே தொடங்குகிறது. மீன்பிடித் துறைமுகத்தின் நிழலில் வளர்ந்த நாம் இதைப் பேசத் தயங்கக் கூடாது. மீனவரைக் குற்றவாளியாக்கும் தொனியும் கூடாது, ஏனென்றால் சிக்கிய ஆமையை வலையை அறுத்து விடுவிக்கும் ஃபைபர் படகுக்காரர்களும் இதே கரையில் இருக்கிறார்கள்.

இனி, பணம் வாங்கி ஆமை காட்டும் தனியார் ஏற்பாடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நிறுவனத்தின் பெயரில் நடந்த ஓர் இரவுப் பயணத்தில் நானும் என் தங்கை குடும்பமும் சேர்ந்திருந்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. கூடாரம், தீமூட்டிய நெருப்பைச் சுற்றிப் பாட்டு, இரவு உணவு, இவற்றுக்குப் பிறகு ‘ஆமை பார்க்கும் நேரம்’ என்று ஒன்றை வைத்திருந்தார்கள். வழிகாட்டி கையில் வெள்ளை ஒளி டார்ச்சு. ஈர மணலில் பாதி ஏறியிருந்த ஓர் ஆமையைக் கண்டதும் அதைச் சுற்றிப் படம் எடுக்கவிட்டார்கள். அது அங்கேயே திரும்பி, முட்டையிடாமல் கடலுக்குள் போயிற்று. போய்விட்டது என்று வருந்தியவர்களுக்கு, ‘பார்த்துவிட்டீர்களே, அதுதானே வேண்டும்’ என்ற பதில் கிடைத்தது. எனக்கு அந்த இரவு இன்னும் ஆறவில்லை. இதுபோன்ற ஏற்பாட்டில் சேரும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உடன் வருவது வனத்துறை அனுமதி பெற்றவர்களா? ஆமையைக் கண்டால் எவ்வளவு தள்ளி நிற்போம்? ஆமை நிச்சயம் தென்படும் என்று உறுதி சொல்பவர்களை உடனே விலக்கிவிடலாம். கடல் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை.

நள்ளிரவில் ஏழு கிலோமீட்டர் நடக்க இயலாத முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு நான் சொல்வது குஞ்சுகள் வெளிவரும் காலம். முட்டையிட்ட 45 நாள் முதல் 60 நாளுக்குள் அவை பொரியும். எனவே மார்ச்சு முதல் மே மாதத் தொடக்கம் வரை பெசன்ட் நகர்ப் பொரிப்பிடத்தில் பல மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காணலாம். சில சதுர மீட்டர் பரப்பில் வேலியிட்ட மணலும், ஒவ்வொரு கூட்டின் மீதும் கவிழ்த்த கூடையும்தான் அங்கே இருப்பவை. எந்தப் பகட்டும் இல்லை. மணலின் வெப்பநிலையைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது. வெப்பம் கூடினால் பெண்கள் மிகும். கோடை முற்றும் நாள்களில் கூடுகளுக்கு மேல் நிழல் தருவது இதற்காகத்தான். குஞ்சுகளைச் சற்றுத் தள்ளி மணலில் விட்டு, அவை தாமாக நடந்து அலையைத் தொடும்படி செய்கிறார்கள். கூடியிருப்பவர்கள் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். பெரம்பூர்க்காரர்களுக்கு 29சி பேருந்து நேராகப் பெசன்ட் நகருக்கே போகிறது என்பதால் மாலையில் போய் இரவு உணவுக்கு வீடு திரும்பலாம். கட்டணமில்லாத, குற்ற உணர்வு எதுவும் மிஞ்சாத மாலை இது. சென்னையில் ஒரே ஓர் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இரண்டு மூன்று நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ருசிகுல்யா. சென்ட்ரலிலிருந்து ஹவுரா செல்லும் வண்டியில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் போய் பிரம்மபூரில் இறங்கி, அங்கிருந்து கஞ்சாம் பக்கம் சாலை வழியாகப் போக வேண்டும். 1994இல்தான் இங்கே ஆமைகள் கூட்டமாக முட்டையிடுவது ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சில இரவுகளில் லட்சக்கணக்கான ஆமைகள் ஒரே கரையில் ஏறுகின்றன. அரிபாடா எனப்படும் இந்த நிகழ்வு உலகில் மிகச் சில கரைகளிலேயே உண்டு. இன்ன தேதியில் நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நடக்காமலே போகும் ஆண்டுகளும் உண்டு. கூட்டமாக ஏறும் இரவுகளில் கரைக்குள் நுழைய வனத்துறை கட்டுப்பாடு விதிக்கிறது, வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்க முடியும். அதைக் குறை என்று எண்ணக் கூடாது. கரையோரச் சிற்றூர்களில் உள்ளூர் இளைஞர்களே காவல் காக்கிறார்கள். அவர்கள் வழியாகப் போவதே நல்லது. தங்க வசதி எளிமையானது, நல்ல விடுதிக்குப் பிரம்மபூர் திரும்ப வேண்டும். ஒடிசா அரசு நவம்பர் முதல் மே வரை தேவி, தாம்ரா, ருசிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி 20 கிலோமீட்டர் வரை மீன்பிடித் தடை விதிக்கிறது. நம் தடைக்காலத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கையில் பொறாமை வருவதை மறைக்க விரும்பவில்லை. அதே மாநிலத்தின் கஹிர்மாதா 1997இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே முட்டையிடும் இடங்களுக்குப் பொதுமக்கள் செல்ல வாய்ப்பு அநேகமாக இல்லை என்பதால், அதைக் காட்டுகிறோம் என்று சொல்லும் பயணத் திட்டங்களை நம்ப வேண்டாம்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள வேலாஸ் வேறு வகை. பாங்கோட் அருகே உள்ள சிறு ஊர். சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற அமைப்பின் முயற்சியால் ஊராரே ஆமைக் கூடுகளைக் காக்கத் தொடங்கி, அதைப் பார்க்க வருகிறவர்களைத் தங்கள் வீடுகளில் தங்கவைக்கிறார்கள். காலையும் மாலையும் குஞ்சுகளை விடுகிறார்கள். அன்று ஒன்றும் பொரியவில்லை என்றால் இல்லை என்றே சொல்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு, தரையில் பாய், கோகம் சர்பத். வருமானம் ஊர் வீடுகளுக்கே போகிறது என்பதால் ஆமை வாழ்வதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கு இருக்கிறது. நம் குப்பங்களிலும் இது முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இலங்கைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால் பலர் விடுமுறையோடு ஆமையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தென்கரையில் தங்காலைக்கு அருகேயுள்ள ரெக்காவவில் பேராமைகள் எனப்படும் பச்சைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. கட்டணம் செலுத்தி, இருட்டில் காத்திருந்து, காவலர் அழைக்கும்போது மட்டும் அருகே செல்லும் முறை அங்கே உண்டு. அது பரிந்துரைக்கத் தக்கது. ஆனால் தென்மேற்குக் கரையோரத்தில் சாலை நெடுகப் பலகை மாட்டியுள்ள பொரிப்பகங்களில், குஞ்சுகளைப் பார்வையாளர் கையில் ஏந்தப் படம் எடுக்கவென்று தொட்டிகளில் நாள்கணக்கில் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. பொரிந்த குஞ்சுக்குக் கரையைத் தாண்டி ஆழ்கடலை அடைய முதல் ஒரு நாளுக்கான வேகமும் வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருவும்தான் முதலீடு. அதைத் தொட்டியில் செலவழிக்க வைத்துவிட்டுக் கடலில் விடுவதைப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது. ஹிக்கடுவாவில் கரையோரம் வரும் ஆமைகளுக்குப் பாசி ஊட்டுவதும் அப்படித்தான், வேண்டாம்.

லட்சத்தீவின் அகத்தித் தீவு போன்ற இடங்களில் காயலின் தெளிந்த நீரில் பேராமைகள் கடற்புல் மேய்வதைப் பகலிலேயே முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து காணலாம். நுழைவு அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும், கொச்சி வழியாகப் போக வேண்டும், செலவும் கூடுதல். இந்தியக் கடலாமை ஆய்வின் முன்னோடி சதீஷ் பாஸ்கர் 1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஆமைகளைக் கவனிப்பதற்காக இந்தத் தீவுக்கூட்டத்தின் சுஹேலி வலியகரையில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கியிருந்தார். சென்னையில் படித்து, நம் கரையில் நடந்து கற்றுக்கொண்டவர் அவர்.

வடசென்னைக்காரர்கள் நீலாங்கரை நடைக்குப் போவதாக இருந்தால் போக்குவரத்தை இருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். போகும்போது பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். திரும்பும்போது பெசன்ட் நகரில் பேருந்து ஓடத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பேசிக்கொள்வது பாதுகாப்பானது, பெண்கள் தனியே வருவதாக இருந்தால் அதுவே நல்லது. திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நடை எட்டாமல் இருப்பதற்கு இந்த ஒரு தடை போதும். 2017 சனவரியில் எண்ணூருக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது வாளிகளில் அதை அள்ளிய கரை அவர்களுடையது. 2023 திசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த கழிமுகமும் அவர்களுடையதே. கடலின் துன்பத்தை அருகிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்கு அதன் உயிர்ப்பையும் காட்ட வேண்டும். பழவேற்காட்டுப் பக்கம் இன்னும் மணல் இருக்கிறது, ஆமையும் அங்கே வருகிறது. பெசன்ட் நகரில் நடப்பதைப் போன்ற குஞ்சு விடும் மாலைகளை வனத்துறையும் மாநகராட்சிப் பள்ளிகளும் சேர்ந்து பழவேற்காட்டில் பருவந்தோறும் நடத்தி, மீஞ்சூர் வழியாக ஒரு பேருந்தும் ஏற்பாடு செய்தால், அடுத்த ஆண்டு இம்மதிப்பீட்டில் அதையே முதலாவதாக எழுதுவேன்.